கோட்டை எப்படி ஊரை டாமினேட் பண்ணும்?

மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பேங்க் பரீட்சைக்குப் படிப்பவர்கள், வேலை மாற நினைப்பவர்கள், பிள்ளையின் ஹோம்வொர்க் புரியவேண்டும் என்பதற்காகவே வருகிற ஒரு அம்மா என்று கலவையான கூட்டம். போன மாதம் ஸ்காட்லாந்தில் இருக்கிற எடின்பரோ நகரத்தைப் பற்றிய ஒரு பத்தியைச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தோம். ‘த காஸில் டாமினேட்ஸ் த சிட்டி’ என்று ஒரு வரி வந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

“சார், கோட்டை எப்படி சார் ஊரை அடக்கி ஆளும்? உள்ள இன்னும் ராஜா இருக்காரா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவன் கேட்டதில் தப்பே இல்லை. அவன் கையில் இருந்த அகராதியில் அந்தச் சொல்லுக்கு ‘ஆதிக்கம் செலுத்து, அடக்கி ஆள்’ என்றுதான் போட்டிருந்தது. அந்தப் பொருளை வைத்துப் பார்த்தால் அந்த வரி விளங்காதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘டாமினேட்’ நமக்குப் புதுச் சொல் இல்லை. “எங்க மாமியார் ரொம்ப டாமினேட் பண்றாங்க”, “ஆபீஸ்ல அந்த டீம் லீடர் எல்லாரையும் டாமினேட் பண்றான்” என்று தினமும் காதில் விழுகிறது. நம் வாயில் இந்தச் சொல்லுக்கு ஒரே வேலைதான்: ஒரு ஆள் இன்னொரு ஆளைத் தலையெடுக்க விடாமல் அமுக்குவது. ஆங்கில நாளிதழைப் பிரித்தால் இந்த வினைச்சொல் பெரும்பாலும் சந்தையோடு, தலைப்புச் செய்தியோடு, வானத்தோடு, ஆட்டத்தோடு, பேச்சோடு உட்கார்ந்திருக்கிறது. சொல் ஒன்றுதான். இங்கே ஒரு சொந்தக்கார வட்டம், அங்கே வேறு சொந்தக்கார வட்டம்.

ஒரு சொல் வழக்கமாக எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதைத்தான் மொழியியலில் ‘காலொகேஷன்’ என்கிறார்கள். தமிழில் சொற்சேர்க்கை என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நாம் குறட்டை விடுகிறோம், கனவு காண்கிறோம், கோலம் போடுகிறோம், பொய் சொல்கிறோம். தமிழ் கற்றுக்கொள்ள வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் “நேற்று ராத்திரி நான் குறட்டை செய்தேன்” என்றால் நமக்குப் புரியும். இலக்கணத்திலும் பிழை கிடையாது. ஆனால் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் நம்மிடமும் பதில் இல்லை. வெயில் அடிக்கும், காய்ச்சலும் அடிக்கும், வாடையும் அடிக்கும். பசி மட்டும் அடிக்காது, எடுக்கும். இதற்கெல்லாம் விதி எழுதி மாளாது.

ஆங்கிலத்தில் இந்தக் கருத்தைப் பேச வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர். ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்துத்தான் அறிய முடியும் என்று 1957-இல் எழுதினார். அவர் வழியில் வந்த ஹாலிடே கொடுத்த உதாரணம் இன்று எல்லா வகுப்பறையிலும் புழங்குகிறது: டீ என்றால் ‘ஸ்ட்ராங் டீ’, கார் என்றால் ‘பவர்ஃபுல் கார்’. இரண்டு சொல்லுக்கும் வலிமை என்பதுதான் பொருள். இருந்தும் ‘பவர்ஃபுல் டீ’ என்று கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

நம் ஆட்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’ என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அடிசில் என்றால் உணவு; அந்தச் சொல்லில் உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது எல்லாம் அடக்கம். அதனால் ‘அடிசில் தின்றார்’ என்று ஒரு வினையை மட்டும் போட்டு முடிக்காதே, ‘அயின்றார்’ என்று பொதுவான வினையால் சொல் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். எந்தப் பெயருக்கு எந்த வினை பொருந்தும் என்ற கவலை பழையதுதான்.

சரி, கோட்டைக்கு வருவோம்.

எடின்பரோ கோட்டை ஊர் நடுவே, அணைந்துபோன எரிமலையின் பாறை ஒன்றின் உச்சியில் இருக்கிறது. கீழே கடைத்தெருவில் நின்றாலும், ரயிலை விட்டு இறங்கினாலும், பூங்காவில் உட்கார்ந்தாலும் தலையைத் தூக்கினால் அதுதான் கண்ணில் படும். ‘டாமினேட்ஸ் த சிட்டி’ என்பதன் பொருள் அவ்வளவுதான். ஊரைப் பார்க்கிற கண்ணை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அன்று வகுப்பில் நான் கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து, அதன் முக்கால்வாசியை சாக்பீஸால் நிரப்பிக் காட்டினேன். இந்த வினைச்சொல்லின் உள்ளே இருக்கிற படம் அதுதான். அளவான ஓர் இடம் இருக்கிறது. அதில் ஒன்று வந்து பெரும்பங்கை அடைத்துக்கொள்கிறது. மற்றதெல்லாம் ஓரத்துக்குப் போகிறது. இடம் வானமாக இருக்கலாம், பத்திரிகையின் முதல் பக்கமாக இருக்கலாம், மீட்டிங்கின் ஒரு மணி நேரமாக இருக்கலாம், நாக்கின் சுவையாகக்கூட இருக்கலாம். மாமியார் விஷயத்தில் அந்த இடம் வீடு.

இந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டால் சொற்சேர்க்கைகள் ஒவ்வொன்றாக வழிக்கு வரும்.

முதலில் வானம். ‘டாமினேட் த ஸ்கைலைன்’ மிகவும் பழகிய சேர்க்கை. ஸ்கைலைன் என்பது ஊரின் கட்டடங்களும் மலைகளும் வானத்தில் வரைகிற கோடு. 1889-இல் கட்டி முடித்த ஈஃபில் கோபுரம் இன்று 330 மீட்டர் உயரம். ‘தி ஈஃபில் டவர் டாமினேட்ஸ் த பாரிஸ் ஸ்கைலைன்’ என்று பயண எழுத்தில் அடிக்கடி பார்க்கலாம். திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மலைக்கோட்டை அந்த வேலையைத்தான் செய்கிறது. தமிழில் எழுதும்போது ‘மலைக்கோட்டை திருச்சி மீது ஆதிக்கம் செலுத்துகிறது’ என்று எழுதினால் ஏதோ புரட்சி வெடிக்கப்போவது மாதிரி இருக்கும். ‘ஊருக்கு நடுவே நிமிர்ந்து நிற்கிறது’, ‘எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது’ என்பதுதான் நம் நடை.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஊர் ஆங்கிலத்துக்கு ‘-இங்’ மேல் தீராத ஆசை. ‘த ஹில் ஈஸ் டாமினேட்டிங் த டவுன்’ என்று எழுதுவோம். மலை நேற்று வந்து நாளை போகிற விருந்தாளி இல்லையே. ‘த ஹில் டாமினேட்ஸ் த டவுன்’ என்று சாதாரண நிகழ்காலம் போதும். ஒரு வாரத்துக்குப் பேசப்பட்டு அடங்கிவிடுகிற செய்தி என்றால் அப்போது ‘ஈஸ் டாமினேட்டிங் த ஹெட்லைன்ஸ்’ என்பது சரி.

அடுத்தது சந்தை. ‘டாமினேட் த மார்க்கெட்’ என்ற சேர்க்கை வணிகப் பக்கங்களில் கிடைத்துக்கொண்டே இருக்கும். 2000-களின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். யார் சட்டைப்பையில் இருந்து ஃபோன் அடித்தாலும் ஒரே ட்யூன். ‘நோக்கியா டாமினேட்டட் த மொபைல் ஃபோன் மார்க்கெட்.’ ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் 2006-இல் உற்பத்தி தொடங்கி 2014-இல் நின்றுபோனது. அந்தக் கதை தெரிந்தவர்களுக்கு அந்த இறந்தகால ‘-எட்’ கொஞ்சம் உறுத்தும். இதைத் தமிழில் சொல்ல ‘கொடிகட்டிப் பறந்தது’ என்ற அருமையான தொடர் இருக்கிறது. ‘கோலோச்சியது’ என்பது இன்னும் கொஞ்சம் கம்பீரம்.

சந்தையோடு சேரும்போது முன்னால் இன்னொரு துணைவினை அடிக்கடி ஒட்டிக்கொள்ளும்: ‘கம் டு டாமினேட்’. ‘ஆண்ட்ராய்டு கேம் டு டாமினேட் த ஸ்மார்ட்ஃபோன் மார்க்கெட்.’ ஒரு மாணவி இதை ‘ஆதிக்கம் செலுத்த வந்தது’ என்று மொழிபெயர்த்திருந்தார். படையெடுத்து வந்த மாதிரி ஆகிவிட்டது. இங்கே ‘கம் டு’ என்பதற்கு நடந்து வருவதோடு சம்பந்தமில்லை; கொஞ்சம் கொஞ்சமாக அந்த நிலைக்கு வந்துசேர்ந்தது என்று பொருள். இதே மாதிரி ‘கன்டின்யூ டு டாமினேட்’ என்றால் இன்னும் அந்த இடத்தை விடவில்லை. ‘டெண்ட் டு டாமினேட்’ என்றால் பெரும்பாலும் அப்படி ஆகிவிடுகிறது. நிறுவனம் வேண்டுமென்றே அதற்குப் பாடுபடுகிறது என்றால் ‘சீக் டு டாமினேட்’. இந்த நான்கையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் முழுத் தொடராகவே வாயில் போட்டுக்கொள்வது நல்லது.

இதே குடும்பத்துப் பெயரடை ‘டாமினன்ட்’. சந்தை விஷயத்தில் இது சட்டப் புத்தகம் வரை போய்விட்டது. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ‘டாமினன்ட் பொசிஷன்’ பற்றியது. பெரியவனாக இருப்பது குற்றமில்லை. அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். அதற்கான சேர்க்கை ‘அப்யூஸ் ஆஃப் டாமினன்ட் பொசிஷன்’. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்திலும் இதே சொற்கள்தான். ‘டாமினன்ட்’ இருக்கிற இடத்தில் ‘பிக்’ என்றோ ‘ஸ்ட்ராங்’ என்றோ மாற்றிப் போட முடியாது. வக்கீல்கள் விட மாட்டார்கள்.

பத்திரிகையில் இடம் பிடிப்பது மூன்றாவது கூட்டம்: ‘டாமினேட் த ஹெட்லைன்ஸ்’, ‘டாமினேட் த நியூஸ்’, ‘டாமினேட் த ஃப்ரண்ட் பேஜஸ்’. 2020-இல் கொரோனா செய்தது அதைத்தான். ‘எங்கே பார்த்தாலும் அதே பேச்சுதான் அடிபட்டது’ என்று நாம் சொல்வோம். கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கிற ஒன்றும் இருக்கிறது, ‘டாமினேட் தி அஜெண்டா’. ஐந்து விஷயம் பேசக் கூடிய கூட்டத்தில் சம்பள உயர்வு ஒன்றே நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதை இப்படிச் சொல்லலாம்.

பேச்சு என்று வந்தால் ‘டாமினேட் த கான்வர்சேஷன்’. எல்லாருக்கும் இப்படி ஒரு சொந்தக்காரர் உண்டு. எனக்கு ஒரு பெரியப்பா. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தார் என்றால் இலை போடுவதற்கு முன்னால் ஆரம்பித்து, பாயசம் வரைக்கும் அவர் 1980-களில் டில்லிக்குப் போன ரயில் பயணம்தான். எதிரில் இருப்பவர் “எங்க பையன்கூட...” என்று வாயைத் திறந்தால் “அதேதான் நான் நாக்பூர்ல பார்த்தேன்” என்று திரும்பப் பிடுங்கிக்கொள்வார். யாரையும் அவர் அடக்கி ஆளவில்லை. ரொம்ப நல்ல மனுஷன். ஆனால் ‘ஹி டாமினேட்டட் த கான்வர்சேஷன்.’ இதையே கொஞ்சம் எரிச்சலோடு சொல்ல ‘மோனோபொலைஸ்’ என்ற வினையும் இதே இடத்தில் வரும். ‘ஹாக்’ என்று ஒரு கிண்டலான வினை இருக்கிறது. பன்றியைக் குறிக்கிற சொல்லில் இருந்து வந்தது. டிவி ரிமோட்டை விடாமல் வைத்திருப்பவர் ‘ஹாக்ஸ் த ரிமோட்’, மேடையில் எல்லா வெளிச்சமும் தன் மேலேயே விழவேண்டும் என்று நிற்பவர் ‘ஹாக்ஸ் த லைம்லைட்’. லைம்லைட்டோடு டாமினேட் அவ்வளவாகச் சேராது. சந்தையோடு ஹாக் சேராது.

விளையாட்டில் இந்தச் சொல்லுக்குக் கொண்டாட்டம். ‘டாமினேட் த மேட்ச்’, ‘டாமினேட் த கேம்’, கால்பந்து என்றால் ‘டாமினேட் த மிட்ஃபீல்ட்’, வர்ணனையாளர் கொஞ்சம் மிடுக்காகப் பேசினால் ‘டாமினேட் ப்ரொசீடிங்ஸ்’. 1988 ஃபிரெஞ்ச் ஓபன் இறுதி ஆட்டத்தில் ஸ்டெஃபி கிராஃப், நடாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0 என்று அரை மணி நேரம் சொச்சத்தில் முடித்துவிட்டார். அதற்கு ‘டாமினேட்டட்’ மட்டும் போதாது என்று தோன்றினால் முன்னால் ‘கம்ப்ளீட்லி’ போடலாம், ‘டோட்டலி’ போடலாம், ‘அட்டர்லி’யும் சரிதான். ‘வெரி டாமினேட்டட்’ என்று மட்டும் போடாதீர்கள். வினைக்கு முன்னால் ‘வெரி’ நிற்காது. ‘வெரி டாமினன்ட்’ என்றால் அது பெயரடை, அதற்குப் பரவாயில்லை.

ஒரே ஆட்டத்தை மட்டுமல்ல, ஒரு காலத்தையும் இப்படிச் சொல்லலாம். மேற்கிந்தியத் தீவுகள் அணி 1980-லிருந்து 1995 வரை ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்கவில்லை. நடுவில் 1984-இல் இங்கிலாந்துக்கே போய் 5-0. ‘த வெஸ்ட் இண்டீஸ் டாமினேட்டட் வேர்ல்ட் கிரிக்கெட்’ என்று எழுத அதைவிடத் தகுதியான அணி எனக்குத் தெரிந்து இல்லை. இந்த இடத்தில் தமிழுக்கு ‘ஆதிக்கம் செலுத்தியது’ கனக்கச்சிதமாகப் பொருந்தும். ஆக அகராதி பொய் சொல்லவில்லை. பத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது.

சுவைக்கும் இந்தச் சொல் வரும். ‘டோன்ட் லெட் த கார்லிக் டாமினேட்.’ பூண்டு மற்ற ருசியை எல்லாம் ஓரங்கட்டிவிடக் கூடாது என்று அர்த்தம். இதற்கு நம்மிடம் இருக்கிற சொல் ‘தூக்கல்’. “குழம்புல உப்பு தூக்கலா இருக்கு.” ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் அடியில் ஒரே படம்தான், ஒன்று மற்றதை விட மேலே வந்து நிற்கிறது. கோட்டைக்கும் அதேதான். எனக்கு இந்தத் ‘தூக்கல்’ மேல் தனிப் பிரியம் உண்டு. ஆதிக்கம் என்று ஆரம்பித்து அடுப்படியில் வந்து முடிகிறதே!

இனி நாம் சறுக்குகிற இடங்கள். எல்லாவற்றிலும் பெரியது ‘ஓவர்’. திருத்தித் திருத்தி என் சிவப்பு மை தீர்ந்துபோகிற இடம் இது. ‘த கம்பெனி டாமினேட்ஸ் ஓவர் த மார்க்கெட்’, ‘ஹி டாமினேட்ஸ் ஓவர் ஹிஸ் பிரதர்.’ இந்த ‘ஓவர்’ எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தமிழில் ‘சந்தையின் மீது ஆதிக்கம் செலுத்துகிறது’ என்கிறோம். அந்த ‘மீது’தான் சத்தமில்லாமல் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் இந்த வினைக்கு நடுவில் தரகர் தேவையில்லை. நேராக ‘டாமினேட்ஸ் த மார்க்கெட்.’ அவ்வளவுதான்.

குழப்பம் என்னவென்றால், பெயர்ச்சொல் ஆனதும் ‘ஓவர்’ திரும்ப வந்துவிடும். ‘டாமினன்ஸ் ஓவர் த மார்க்கெட்’ சரி, ‘டாமினேஷன் ஓவர் த ரீஜன்’ சரி. ஆதிக்கம் என்ற பெயருக்கு ‘மீது’ வேண்டும் என்பது போலத்தான். தமிழிலும் ‘ஆள்’ என்ற வினைக்கு ‘நாட்டை ஆண்டான்’ என்று நேராக வருகிறது. ‘ஆதிக்கம்’ என்று பெயராக்கினால்தான் ‘நாட்டின் மீது’ என்று ஆகிறது. இந்த ஒப்பீட்டைச் சொன்ன பிறகு என் வகுப்பில் ‘ஓவர்’ பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பெயர்ச்சொல் என்று வந்ததால் ஒரு வார்த்தை. ‘டாமினன்ஸ்’ என்பது மேலோங்கி இருக்கும் நிலை. அதோடு ‘அஸெர்ட்’, ‘எஸ்டாப்லிஷ்’ போன்ற வினைகள் சேரும். ‘டாமினேஷன்’ கொஞ்சம் கறுத்த சொல். ‘ஃபாரின் டாமினேஷன்’, ‘கலோனியல் டாமினேஷன்’ என்று அடிமைப்படுத்துகிற இடங்களில் அதிகம் வரும். படத்து வில்லன்கள் கனவு காண்பது ‘வேர்ல்ட் டாமினேஷன்’. நண்பர்கள் கிண்டலுக்குச் சொல்வதும் அதுவே.

அடுத்த சறுக்கல், ‘அடக்கு’ என்று தமிழில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இந்தச் சொல்லைப் போடுவது. நாம் கோபத்தை அடக்குகிறோம், சிரிப்பை அடக்குகிறோம், காளையை அடக்குகிறோம், கலவரத்தை அடக்குகிறோம், மூச்சையும் அடக்குகிறோம். ஆங்கிலத்தில் இந்த ஐந்துக்கும் ஐந்து வினை. கோபத்துக்கு ‘கண்ட்ரோல்’, சிரிப்புக்கு ‘சப்ரெஸ்’, காளைக்கு ‘டேம்’, கலவரத்துக்கு ‘குவெல்’, மூச்சுக்கு வெறும் ‘ஹோல்ட்’. டாமினேட் எதிலும் இல்லை. அதேபோல ‘ஐ வாண்ட் டு டாமினேட் இங்கிலீஷ்’ என்று ஒருவர் எழுதினார். ஆர்வம் புரிகிறது, ஆனால் மொழிக்குச் சேர்கிற வினை ‘மாஸ்டர்’. பயத்துக்கு ‘ஓவர்கம்’.

அப்புறம் அந்த மாமியார். “டாமினேட் பண்றாங்க” என்பதை அப்படியே ‘ஷி ஈஸ் டாமினேட்டிங் மீ’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் புரியாமல் போகாது. ஆனால் ஆங்கிலம் வீட்டில் பேசுகிற ஒருவர் அந்த இடத்தில் ‘ஷி ஈஸ் வெரி பாஸி’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார். அதைவிடக் கடுமை வேண்டும் என்றால் ‘டாமினியரிங்’. ‘எ டாமினியரிங் ஃபாதர்’ என்றால் வீட்டில் ஒருவரையும் மூச்சுவிட விடாத அப்பா. ‘டாமினன்ட்’ வேறு, ‘டாமினியரிங்’ வேறு. முன்னது ஒரு நிலையைச் சொல்கிறது, பின்னது குணத்தைக் குறை சொல்கிறது. வலது கையால் எழுதுபவருக்கு வலது கை ‘டாமினன்ட் ஹேண்ட்’. அதை ‘டாமினியரிங் ஹேண்ட்’ என்று சொன்னால் கை தனியாகச் சண்டைக்கு வரும்.

மெண்டலின் பட்டாணியும் இதைத்தான் சொல்கிறது. 1866-இல் வெளியான தன் கட்டுரையில், நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டையாகவே வருவதைக் காட்டி, வெளியே தெரிகிற பண்புக்கு ‘டாமினன்ட்’ என்ற பெயரை வைத்தார். நெட்டை குட்டையை அடித்துத் துரத்தவில்லை. குட்டை உள்ளேயே இருக்கிறது, அடுத்த தலைமுறையில் தலைகாட்டும். கண்ணுக்குத் தெரிவது நெட்டை, அவ்வளவுதான். கோட்டைக்குச் சொன்ன அதே கதை.

செயப்பாட்டு வினையில் வரும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. ‘த ப்ரொஃபெஷன் ஈஸ் டாமினேட்டட் பை மென்’ என்றால் அந்தத் தொழிலில் ஆண்கள்தான் பெரும்பான்மை என்று பொருள் கொள்ளலாம்; ஆண்கள் மற்றவர்களை மிதிக்கிறார்கள் என்றும் தொனிக்கலாம். சுற்றியுள்ள வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இதையே சுருக்கி ‘மேல்-டாமினேட்டட்’ என்று நடுவில் சிறுகோடு போட்டு எழுதுகிறார்கள். வெறும் எண்ணிக்கையைத்தான் சொல்ல வேண்டும், குற்றச்சாட்டு வேண்டாம் என்றால் ‘ப்ரீடாமினன்ட்லி’ பாதுகாப்பானது: ‘எ ப்ரீடாமினன்ட்லி ரூரல் டிஸ்ட்ரிக்ட்’, பெரும்பகுதி கிராமங்களாக உள்ள மாவட்டம். முழுவதுமாக இல்லாமல் பெருமளவு என்று சொல்ல ‘லார்ஜ்லி டாமினேட்டட் பை’, நாளுக்கு நாள் கூடுகிறது என்று சொல்ல ‘இன்க்ரீசிங்லி டாமினேட்டட் பை’.

இவ்வளவு உறவுக்காரர்களைப் பார்த்தாயிற்று, பூர்வீகத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். லத்தீனில் ‘டோமுஸ்’ என்றால் வீடு. வீட்டுக்கு எஜமான் ‘டோமினுஸ்’. அவர் செய்கிற காரியத்தில் இருந்து பிறந்து, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது நம் வினை. இன்டர்நெட்டில் வாங்குகிற ‘டொமைன்’ இதே குடும்பம். 1947-லிருந்து 1950 வரை இந்தியாவும், 1948-லிருந்து 1972 வரை இலங்கையும் ‘டொமினியன்’களாக, அதாவது பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி நடத்திய நாடுகளாக இருந்தன, அதுவும் இதே வேர். டீச்சரை ‘மேடம்’ என்று கூப்பிடுகிறோமே, அது ‘என் வீட்டு எஜமானி’ என்ற லத்தீன் தொடரில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் மண்டையோட்டுப் படத்துக்கு மேலே எழுதியிருக்கிற ‘டேஞ்சர்’கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். எஜமானின் பிடிக்குள் இருப்பது என்று தொடங்கி ஆபத்து என்று ஆனது. ஆக ‘டாமினேட்’ வீட்டுக்குள் பிறந்து வெளியே போன சொல். ஆங்கிலத்தில் அது ஊரெல்லாம் சுற்ற, நாம் அதைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே கூட்டிவந்து மாமியார் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறோம். வேடிக்கைதான்.

இப்படிச் சேர்க்கைகளை எங்கே போய்த் தேடுவது என்று கேட்பீர்கள். 1980-களில் ஜான் சிங்க்ளேர் என்பவர் தலைமையில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, புத்தகங்கள், பத்திரிகைகள், பேச்சுகள் என்று நிஜ ஆங்கிலத்தைக் கணினியில் கொட்டி, ஒரு சொல்லைக் கேட்டால் அது வந்த எல்லா வரிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும்படி செய்தது. தேடிய சொல் நடுவில் தூண் மாதிரி நிற்கும், இடமும் வலமும் அதன் அக்கம்பக்கம். அந்த வேலையில் இருந்துதான் 1987-இல் கோபில்ட் அகராதி வந்தது. இன்று கற்போருக்கான நல்ல ஆங்கில அகராதி எதை எடுத்தாலும், பொருளுக்குக் கீழே உதாரண வரிகள் இருக்கும். நம் ஆட்கள் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சரக்கு எல்லாம் அந்த உதாரண வரியில்தான் இருக்கிறது. நோட்டில் எழுதும்போதும் ‘டாமினேட் = ஆதிக்கம் செலுத்து’ என்று எழுதாமல், ‘டாமினேட் த ஹெட்லைன்ஸ்: எங்கு பார்த்தாலும் அதே செய்தி’ என்று ஜோடியாக எழுதி வையுங்கள். ஒரு பக்கம் கூடுதலாகப் போகும், பரவாயில்லை.

அன்று வகுப்பு முடிவதற்கு முன் நான்கு வரி கொடுத்து ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். ‘மீட்டிங்கில் அவர் ஒருத்தரே பேசிக்கொண்டிருந்தார்.’ எல்லாரும் ‘ஹி டாமினேட்டட் த மீட்டிங்’ என்று போட்டுவிட்டார்கள். ‘ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் அந்தக் கோபுரம் தெரியும்.’ இதற்கும் பெரும்பாலும் சரியான பதில், இரண்டு பேர் மட்டும் ‘ஓவர்’ போட்டார்கள். ‘அவள் தன் பயத்தை வென்றாள்’ என்பதற்கு ஒரு வினாடி தயங்கி ‘ஓவர்கேம்’ வந்தது. கடைசி வரி, ‘சாம்பாரில் பெருங்காயம் தூக்கல்.’ கோட்டைக்குள் ராஜாவைத் தேடிய அதே பையன் முதலில் எழுந்தான். “தி அசஃபெடிடா டாமினேட்ஸ் த சாம்பார், சார்.” சரிதான் என்றேன். ஹோம்வொர்க்குக்காக வருகிற அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “அவ்ளோ பெரிய வார்த்தை எதுக்கு சார்? டூ மச் அசஃபெடிடா, போதாதா?” அதுவும் சரிதான்.